புகார் வராத பெட்டி

அன்புள்ள தம்பி,

குழுக் கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் நீ சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய். "அம்மா எப்படியிருக்குன்னு கேட்டான்" என்று அவர் சொன்னார். அதை அவராகச் சேர்த்துச் சொன்னாரோ என்று எனக்குச் சந்தேகம். போனில் பேசினால் நாம் இருவரும் மறுபடி அதே இடத்தில் போய் நின்று சண்டை போடுவோம். அதனால் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மகளிர் குழுவில் இருக்கிற பெண்களும் படிக்கட்டும், அவர்கள் பிள்ளைகளும் படிக்கட்டும். நம் பக்கத்தில் படித்து முடித்த பிள்ளைகள் நிறையப் பேர் இன்று ஏதோ ஒரு கம்பெனியின் ஏதோ ஒரு கருவியை எங்கோ ஓர் ஊரில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள் அம்மா அப்பாவைப் போன்றவர்கள். ஆகவே உனக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களைக்கூட மற்றவர்களுக்காக விளக்கி எழுதுவேன். பொறுத்துக்கொள்.

நான் திருமானூர்க்காரி. கொள்ளிடத்துப் பக்கம். அங்கே நெல்லை ரோட்டில்தான் காயப்போடுவார்கள். யார் நெல் பதர், யார் நெல் மணி, யார் வயலில் மழை விழுந்தது என்பதெல்லாம் பஸ்ஸில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். கல்யாணமாகிப் பூலாம்பாடிப் பக்கம் வந்த பிறகுதான் வெங்காயப் பட்டறையைப் பார்த்தேன். அறுத்த சின்ன வெங்காயத்தைத் தாளோடு காயவைத்து, கல் மேல் மூங்கில் பரப்பி, சுற்றிலும் கம்பி வலை கட்டி, உள்ளே ஆள் உயரத்துக்குக் குவித்து, மேலே கீற்றுப் போட்டு மூடிவிடுவார்கள். விலை வருகிற வரைக்கும் அதைத் திறப்பதில்லை. மாசியில் மூடினால் வைகாசி, ஆனி என்று காத்திருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வீட்டுக்காரருக்கே சரியாகத் தெரியாது. வாடையை வைத்து, மொய்க்கிற ஈயை வைத்து ஒரு கணக்கு.

வந்த புதிதில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பட்டறையைத் தாண்டி நடந்தபோது, "என்னாங்க, அழுவுன வாடை அடிக்குது" என்று உன் அப்பாவிடம் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தார். "அடுத்தவன் பட்டறையப் பத்தி ரோட்டுல நின்னு பேசுவியா? யாவாரி காதுல வுழுந்தா அவன் கதை முடிஞ்சுது." அன்றைக்கு இந்த ஊரின் முக்கியமான சட்டத்தைக் கற்றுக்கொண்டேன். அழுகலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தன்னுடையதையும் சொல்வதில்லை, பிறருடையதையும் சொல்வதில்லை. விடிவதற்குள் கூடையில் அள்ளிக் கொல்லைக் கோடியில் புதைத்துவிட்டு, டீக்கடையில் வந்து "நம்மளுது கல்லு மாதிரி கெடக்கு" என்பார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பட்டறையில் கால்வாசி கெட்டது என்று தெரிந்தால் வியாபாரி மீதி முக்கால்வாசிக்கும் விலையைக் குறைப்பான். மறைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது என்பது எனக்கு இந்த வருஷம்தான் புரிந்தது.

உனக்கு வேலை கிடைத்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். கல்விக் கடன் கழுத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் ஆபீஸ், கழுத்தில் அடையாள அட்டை, மாதச் சம்பளம். வெங்காயம் அழுகத் தொடங்கினால் மனிதன் மூக்குக்குத் தெரிவதற்கு இரண்டு வாரம் முன்பே கண்டுபிடித்துப் போனில் சொல்லும் பெட்டி என்று நீ முதல் தடவை விளக்கியபோது நான் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டேன். கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே ஆர்வம். நீ லீவில் வந்தபோது நம் பட்டறையிலேயே ஒன்றை மாட்டினாய். பச்சை விளக்கு எரிந்தால் நல்லது, மஞ்சள் எரிந்தால் கவனம், சிவப்பு எரிந்தால் உடனே திற. உன் அப்பா காலையில் பல் துலக்கிக்கொண்டே போய் விளக்கைப் பார்த்துவிட்டு வருவார். பிள்ளை செய்த பெட்டி என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார். நீ செய்யவில்லை, விற்கிறாய் என்று நான் திருத்தினால், "எல்லாம் ஒன்னுதான்" என்றார். இல்லை என்றுதான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப் போகிறேன்.

அன்றைய கூட்டத்தை மறுபடி எழுதுவது உனக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியவேண்டும். குழுவின் பொதுக்கணக்கில் இருந்தது ஆடிப் பட்டத்துக்கான விதை வெங்காயப் பணம். குழுவில் பாதிப்பேருக்குப் பட்டறையே கிடையாது. மணிமேகலை அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுகிறாள், மீதி நாளில் நூறு நாள் வேலைக்குப் போகிறாள். அவளைப் போன்றவர்களுக்கு விதை வாங்கத்தான் எல்லோரும் மாதாமாதம் போட்டுச் சேர்த்தோம். நீ வந்து, விதைப் பணத்தில் பெட்டிகள் வாங்குங்கள், பட்டறை வைத்திருப்பவர்களுக்கு அழுகாமல் மிஞ்சுகிற வெங்காயமே எல்லோருக்கும் விதைக்குப் போதும் என்றாய். கேட்க நன்றாக இருந்தது. கணக்கும் சரியாகத்தான் இருந்தது, பெட்டி சொன்னபடி வேலை செய்தால்.

தலைவி செல்லம்மா அத்தைதான் முதலில் சிரிக்க வைத்தார். "ஏந்தம்பி, மழ நாளுல இந்தப் பொட்டிக்கிச் சளி புடிச்சுக்கிட்டா என்னா பண்றது? வாடை தெரியாதே?" எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். பிறகு நீ சொன்னாய்: "அத்த, இந்த மாவட்டத்துல இத்தனை பேரு வாங்கியிருக்காங்க. இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட் கூட வரல. எல்லாரும் பொட்டிக்கு வருஷச் சந்தாவப் புதுப்பிச்சிருக்காங்க. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?" எல்லோரும் தலையாட்டினார்கள். செல்லம்மா அத்தை அப்போதே செக்கில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். பொருளாளர் என்ற முறையில் அடுத்த கையெழுத்து என்னுடையது.

பேனாவை எடுத்துவிட்டேன், தம்பி. அது உண்மை. போடுவதற்கு முன்னால் நீ சொன்ன அந்த வாக்கியம் மனதில் உறுத்தியது. ஒரு புகாரும் வரவில்லை. இந்த ஊரில் அழுகலைப் பற்றி யார் புகார் சொல்வார்கள்? பெட்டி நன்றாக வேலை செய்தாலும் புகார் வராது, வேலை செய்யாவிட்டாலும் வராது. இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்றால் அது எப்படிச் சாட்சியாகும்? அதைத்தான் கேட்க நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது, "வாங்குனவங்க யாராவது ஒருத்தரு பேரு சொல்லு தம்பி, நான் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்" என்பதுதான்.

உன் முகம் மாறியது. "என்னம்மா, போலீஸ் மாதிரி கேக்குற?"

"போலீஸ் இல்லடா. பொருளாளர்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் உன்னைச் சுட்டது என்று நினைக்கிறேன். "பெத்த அம்மாவே நம்பலன்னா வேற எவன் நம்புவான்? ஊரே வாங்கிடும்னு ஆபீஸ்ல சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ரஞ்சன்குடிப் பக்கம் ஒருவரின் பெயரையும் நம்பரையும் ஒரு துண்டுத்தாளில் கிறுக்கி மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோனாய். இங்கே ஆர்டர் கிடைத்தால் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் உன்னைப் பொறுப்பாளராகப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதும் தெரியும். தெரிந்துதான் பேனாவை மூடினேன்.

நம்புவது என்பதைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன்னை நான் நம்புகிறேன். நீ பொய் சொல்லமாட்டாய். உனக்குச் சொன்னதை நீ எங்களுக்குச் சொன்னாய். ஆனால் உனக்குச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. என் சொந்தப் பணம் என்றால் உன் முகத்துக்காக ஒரு பெட்டி என்ன, இரண்டு பெட்டி வாங்குவேன்; போனால் போகட்டும் என்று இருந்துவிடுவேன். அது மணிமேகலையின் விதை. அவள் பணத்தில் என் பிள்ளைப் பாசத்தைக் காட்ட எனக்கு உரிமையில்லை.

அந்த வாரமே பெரம்பலூர் போய் பஸ் மாறி ரஞ்சன்குடி ஸ்டாப்பில் இறங்கினேன். கோட்டை தெரிகிற தூரத்தில்தான் அவர் வீடு. அவர் பெயரை எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டேன், "நடந்ததை எழுதுங்கக்கா, பேரு மட்டும் வேணாம்" என்றார். நாற்பது வயது இருக்கும். போனதும் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். "நல்லா இருக்குங்க. ஒன்னும் கொறையில்ல" என்றார். வெங்காயம் எப்படி இருக்கிறது என்றேன். "வித்தாச்சுங்க" என்றார். எவ்வளவு கிடைத்தது என்று கேட்டால் வானத்தைப் பார்த்தார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நின்றார். இன்னும் என்ன கேட்பது என்று தெரியாமல், நான் யார் என்று சொன்னேன். பெட்டி விற்ற தம்பியின் அம்மா.

அவர் எழுந்தே விட்டார். "அட, ஒக்காருங்கக்கா, மொதல்லயே சொல்லக் கூடாதா? தங்கமான புள்ளைங்க உங்க மவன். மாட்ட வந்த அன்னைக்கு எங்க வூட்டுலதான் சாப்ட்டுச்சு. ரசத்த ரெண்டு தடவ கேட்டு வாங்கிக் குடிச்சுது."

"அந்தத் தம்பிக்காகத்தானே வாயத் தொறக்கல" என்றார் அவர் மனைவி, கதவுப் பக்கத்திலிருந்து.

"நீ சும்மா இரு."

"என்னாத்துக்குச் சும்மா இருக்கறது? அவங்க அம்மாதான வந்திருக்காங்க, யாவாரியா வந்திருக்கான்? பாதிப் பட்டறை போச்சுக்கா. சித்திர மழையில அடியில தண்ணி எறங்கி, கூழா போயிடுச்சு. பொட்டி என்னமோ பச்சையாதான் எரிஞ்சுக்கிட்டுக் கெடந்துது. இவரும் அத நம்பி மோந்துகூடப் பாக்கல. முன்னெல்லாம் தெனம் ஒருக்கா சுத்தி வந்து மோந்து பாப்பாரு."

 கம்பெனிக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா ஆளு வருவாங்க. போட்டோ எடுப்பாங்க. நாலு பேரு கூடுவான். மீதி இருந்த வெங்காயத்த எவன் வாங்குவான்? அதோட, அந்தத் தம்பி வித்த பொட்டி. அதுக்கு வேல போயிட்டுன்னா நம்மளால போச்சுங்கற பேரு வேற."

"சந்தா கட்டியிருக்கீங்களே, இந்த வருஷத்துக்கும்?"

"கட்டலன்னா ஏன்னு கேப்பாங்கல்ல."

தம்பி, திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். உன் ஆபீஸில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேராக, புகார் இல்லை, சந்தா புதுப்பித்தார், திருப்தியான வாடிக்கையாளர் என்று இருக்கும். அதைப் பார்த்து உன் மேலாளர் சந்தோஷப்பட்டிருப்பார். அதை அவர் உனக்குச் சொன்னார், நீ எங்களுக்குச் சொன்னாய், நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அடுத்த ஊரில் "பூலாம்பாடிப் பக்கம் ஒரு குழுவே வாங்கியிருக்கு" என்று சொல்லியிருப்பாய். இதில் யாருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் நம் பட்டறையைத் திறக்க வேண்டும் என்றேன். உன் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. விலை இன்னும் ஏறவில்லை, திறந்தால் உடனே விற்றாக வேண்டும், நடுவில் கலைத்தால் மிச்சமும் கெடும். அவர் சொன்னது எல்லாம் சரிதான். "அவந்தான் பச்சை எரிஞ்சா நல்லதுன்னு சொல்லியிருக்கானே" என்றார். "அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு" என்றேன். மறுநாள் காலையில் அவர் தண்ணீர் பாய்ச்சப் போனபோது, தெற்குப் பக்கத்துக் கீற்றை நானே விலக்கி, வலையை அவிழ்த்தேன். மேலே இருந்ததெல்லாம் நன்றாக இருந்தது. முழங்கைவரை உள்ளே விட்டேன். கை ஈரமாக வெளியே வந்தது. அடியில், சுவரோரமாக, தாளும் வெங்காயமும் சேர்ந்து கறுத்துக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பச்சைதான்.

அப்பா வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நல்லதப் பொறுக்கி இந்த வாரமே ஏத்திடுவோம். வித்து முடிச்சப்புறம் கூட்டத்துல சொல்லிக்க" என்றார். அதற்கு முன்னாலேயே கூட்டம் வந்துவிடும், செக்கில் என் கையெழுத்தைக் கேட்பார்கள் என்றேன். "அவன் நம்ம புள்ள" என்றார். அப்போதுதான் நான் போர்வெல் பேச்சை எடுத்தேன்.

உனக்கு அப்போது பள்ளிக்கூட வயது, விவரம் தெரிந்திருக்காது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதெல்லாம் பழசு, சாட்டிலைட் மிஷின் வந்திருக்கிறது என்று ஒருவர் வந்தார். திரையில் நீலக் கோடுகள் ஓடின. நீலம் தடிமனாக இருக்கிற இடத்தில் அப்பா போர் போட்டார். தண்ணீர் இல்லை, கடைசிவரைக்கும் கல்தூள் புகைதான் வந்தது. நம் நிலத்தில் தண்ணீர் இல்லை என்று வெளியே தெரிந்தால் மதிப்பு போய்விடும் என்று அவர் யாரிடமும் அதைப் பேசவில்லை. உன் சித்தப்பா வந்து, "அண்ணே, அந்த மிஷின்காரன் எப்புடி?" என்று கேட்டதற்கு, "ஆளு கெட்டிக்காரன்தான். நமக்குத்தான் அமையல" என்றார். சித்தப்பா அதே ஆளைக் கூட்டிவந்து, அதே நீலக் கோட்டைப் பார்த்து, மாட்டை விற்றுப் போர் போட்டார். அங்கேயும் புகை.

இதை நான் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. "அவன் என்னைக் கேட்டதே நான் நல்லாருக்குன்னு சொல்லணும்னுதாண்டி. வேணாம்னு சொன்னா கேட்டிருப்பானா?" என்றார். கேட்டிருக்கமாட்டாரோ என்னவோ. ஆனால் தெரிந்து போட்டிருப்பார். அதை நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். அன்று முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொன்னேன். "எங்க பட்டறையில தெக்குப் பக்கம் அடி முழுக்க அழுவிப் போச்சு. பொட்டி இன்னமும் பச்சையாதான் எரியுது." இதைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய். எத்தனை வருஷம் இந்த ஊரில் குடித்தனம் செய்திருக்கிறேன், அந்தச் சொல்லை வெளியில் சொன்னது புதுப்பெண்ணாக வந்த அந்த ஒருநாளும் இந்தக் கூட்டத்து அன்றும்தான். மணிமேகலை என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, மெதுவா பேசுங்க. வாசல்ல ஆளு நிக்குது."

"நிக்கட்டும்" என்றேன்.

 செல்லம்மா அத்தை செக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நான் கையெழுத்துப் போட்டது பொட்டியப் பாத்து இல்லடி. உம் மவனப் பாத்து. எங் கண்ணு முன்னால வளந்த புள்ள." அதைச் சொல்லிவிட்டுச் செக்கை நாலாகக் கிழித்தார். அதன் பிறகு, பட்டறை வைத்திருக்கிற ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். போன வருஷம் எனக்கு இவ்வளவு போனது, அதற்கு முந்தின வருஷம் எனக்கு. ஒருத்தி அழுதாள், பாதியில் சிரித்தாள். எந்த மூலையில் முதலில் அழுகுகிறது, எந்த மழைக்குப் பிறகு, எந்த அளவு உயரத்துக்குக் குவித்தால் என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து ஒருவர் சொன்னார்கள். இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்திருக்கிறோம்.

நான் பேசியதை ஊர் சும்மா விட்டுவிடவில்லை, தம்பி. வாசலில் நின்ற ஆள் வாசலிலேயே நிற்பானா? மூன்றாம் நாள் வியாபாரி வந்தார். நம் பட்டறையைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். "கூட்டத்துல என்னமோ பேசுனீங்களாமே" என்றார். பொறுக்கி எடுத்த நல்ல வெங்காயத்துக்கும் அழுகல் விலைதான் போட்டார். அப்பா பேரம்கூடப் பேசவில்லை. ஏற்றி முடித்த பிறகு என்னைப் பார்த்து, "இதான் நீ போடாத கையெழுத்தோட வெலை" என்றார். குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் உன் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் பெட்டி ஏமாற்று என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது. மூடிய கிடங்கில், பெரிய வெங்காயத்தில் அது சரியாக வேலை செய்யக்கூடும். நம் பட்டறை நாலு பக்கமும் காற்று போகிறது. அடியில் கிளம்புகிற வாடை மேலே மாட்டிய பெட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்று நினைக்கிறேன். இது என் ஊகம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் இதைப் பார்த்தவர் யாராவது இருக்கிறாரா? தாளோடு குவித்த சின்ன வெங்காயப் பட்டறையில், ஒரு கோடை மழைக்குப் பிறகு, பெட்டி மாட்டியதையும் மாட்டாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்து பார்த்தார்களா? உன்னிடம் பணம் கேட்கிற எந்தக் கருவியிடமும் நீ இப்படித்தான் கேட்க வேண்டும்: எங்கே பார்த்தீர்கள், யார் முன்னால் பார்த்தீர்கள், சரியாக வராதபோது உங்களுக்கு எப்படித் தெரியவந்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள். நீ விற்கிறவனாக இருந்தாலும் இதே கேள்விதான். இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. ஏனென்றால் அவர்கள் பெட்டியை வாங்குவதில்லை. செல்லம்மா அத்தை சொன்னதுபோல, உன்னை வாங்குகிறார்கள்.

வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன். கடன் இருக்கிறது, உனக்கும் பிடித்த வேலை. ஆனால் உன்னிடம் வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் நீ போகவேண்டும். போனில் கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்பார்கள். நேரில் போனாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடாதே. எங்கள் பட்டறையும் அழுகியது என்று நீ முதலில் சொல். உன் அம்மா வெளியே சொல்லிவிட்டாள், இனி உனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. நீ சொன்னால் அவர்களும் சொல்வார்கள். கேட்டதை அப்படியே எழுதி உன் ஆபீஸில் கொடு. ரஞ்சன்குடிக்காரர் கட்டிய சந்தாவைக் கம்பெனி திருப்பித் தருமா என்று கேள். தரமாட்டோம் என்றால் நாம் இருவரும் சேர்ந்து கொடுப்போம்; வெங்காயம் விற்ற காசில் என் பங்கு தனியாக இருக்கிறது. அவருக்குப் போன பாதிப் பட்டறையை நம்மால் கொடுக்க முடியாது. அது உன் மனதில் இருக்கட்டும்.

நம் பெட்டியை நான் கழற்றவில்லை. அப்பா தூக்கி எறியச் சொன்னார், மாட்டியவன் வந்து கழற்றட்டும் என்று சொல்லிவிட்டேன். காலியான பட்டறையில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே, அடியிலிருந்து அள்ளிய அழுகலில் ஒரு கூடை வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள். என்ன வாடை என்று இப்போது சத்தமாகவே கேட்கிறார்கள், நானும் சத்தமாகவே பதில் சொல்கிறேன். அதிக நாள் வைத்திருக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை வா. தனியாக வராதே, உன் மேலாளரையும் கூட்டிக்கொண்டு வா. அவர் வந்து பெட்டிக்குக் கீழே ஐந்து நிமிஷம் நிற்கட்டும், என்ன விளக்கு எரிகிறது என்று பார்க்கட்டும். பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்காருங்கள், இருவருக்கும் இலை போடுகிறேன்.

அம்மா